ஏழு கிலோவுக்குள் ஒரு பை: லாங் பஜார் சந்தில் தைத்து வாங்கியது

வேலூரில் பை வேண்டும் என்றால் எல்லாரும் கை காட்டுவது காந்தி ரோட்டைத்தான். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி வங்காள எழுத்தில் போர்டு மாட்டிய கடைகள், வாசலில் அடுக்கி வைத்த டிராலிப் பெட்டிகள். வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு அது போதும். முதுகில் மாட்டிக்கொண்டு, மலிவு விமானம் ஏறி, லக்கேஜுக்குத் தனியாக ஒரு பைசா கட்டாமல் ஊர் சுற்றப் போகிறவருக்கு அங்கே ஒன்றும் தேறாது. நான் எழுதுவது லாங் பஜாரை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்கு அடியில் மெஷின் போட்டிருக்கும் ஒரு தையல்கார பாயின் கடையைப் பற்றி. போர்டு கிடையாது. ஸ்கூல் பை ரிப்பேர், ஜிப் மாற்றுவது, பைக் சீட் கவர், இதுதான் அவருடைய அன்றாட வேலை. அவரிடம் அளவு கொடுத்துத் தைத்த பையோடு மலேசியா போய், அங்கிருந்து ரயிலில் தெற்கு தாய்லாந்து வரை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். கூலி 800 ரூபாய், சாமான் 1,100 ரூபாய்.

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனி சாம்பிள் ரூமில் வேலை எனக்கு. நாள் முழுக்கத் தையலைப் பார்த்துக் குறை சொல்லத்தான் சம்பளம். அதனால் இதில் தையல் பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

முதலில் கணக்கு. ஏர் ஏசியாவில் சாதாரண டிக்கெட்டுக்கு கையில் கொண்டுபோகலாம் என்பது ஒரு பை, கூட ஒரு சின்னப் பை, இரண்டும் சேர்த்து 7 கிலோ. பெரியது 56 செ.மீ. உயரம், 36 அகலம், 23 கனத்தைத் தாண்டக் கூடாது. இதற்கு மேல் போனால் செக்-இன் லக்கேஜ் வாங்க வேண்டும். அந்தக் காசு போக ஒரு முறை, வர ஒரு முறை, நடுவில் வேறு விமானம் ஏறினால் அதற்கும் தனியாக. டிக்கெட்டை ஆஃபரில் பிடித்துவிட்டு லக்கேஜில் விடுகிறவர்கள் எங்கள் கம்பெனியிலேயே நிறையப் பேர். சக்கரம் வைத்த கேபின் பெட்டி காலியாகவே இரண்டரை கிலோ வரும். மீதி நாலரையில் என்னத்தை வைப்பது? ஆக, பையின் வெறும் எடை ஒரு கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது என் முதல் நிபந்தனை. கடைகளில் நல்ல கம்பெனி டிராவல் பைகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. பிடித்ததெல்லாம் ஒன்றரை கிலோ, அல்லது என் பட்ஜெட்டுக்கு எட்டாத விலை.

"ஆம்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு லெதர் பை வாங்காமலா?" என்று கேட்காதவர்கள் இல்லை. லெதர் பார்க்க அழகு. அந்த அளவில் தைத்தால் காலியாகவே இரண்டு கிலோவைத் தாண்டும், மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும், காயாமல் ஹாஸ்டல் லாக்கரில் வைத்தால் பூசணம் பிடிக்கும். தோலோடு பிழைக்கிறவள் சொல்கிறேன், சுற்றுப்பயணத்துக்குத் தோல் வேண்டாம்.

பாயிடம் முதல் நாள் பேச்சே துணியில்தான் சிக்கியது. அவர் வழக்கமாகப் போடுவது 1680 டினியர் பாலியெஸ்டர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டினியர். எண் ஏற ஏற நூல் தடிக்கும், துணி கனக்கும். நான் கேட்டது 420 டினியர் நைலான், உள்பக்கம் பூச்சு கொடுத்தது. துணியைத் தடவிப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"இன்னாம்மா இது, இவ்ளோ மெலிசா கீது? நான் கெட்டியா போட்டுத் தர்றேன், பத்து வருசம் உழைக்கும்."

"பத்து வருசம் வேணாம் பாய். வெயிட் ஏறக்கூடாது. அடியில மட்டும் கெட்டியா போடுங்க, தரையில வைக்கிற இடம்."

"ஒரு பைக்கு ரெண்டு துணியா? சரி, உன் காசு."

முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அடிப்பாகத்தில் மட்டும் கனத்த துணி, மற்றதெல்லாம் நைலான். காலிப் பையைக் கம்பெனித் தராசில் வைத்துப் பார்த்தேன்: 880 கிராம்.

அடுத்த வாக்குவாதம் தோள்பட்டை வார் சேரும் இடத்தில். எந்தப் பையும் முதலில் போவது அங்கேதான். பாய் ரிவெட் அடிக்கிறேன் என்றார். ரிவெட் அடித்த ஓட்டையைச் சுற்றி நைலான் கிழிய ஆரம்பித்தால் நிற்காது. வாரின் நுனியை முதுகுப் பக்கத்துத் தையலுக்குள் நன்றாக நுழைத்து, மேலே சதுரமாகத் தைத்து, குறுக்கே எக்ஸ் போடச் சொன்னேன். அதையும் வெறும் துணி மேல் போடாமல், உள்ளே கையளவு வெப்பிங் (கெட்டியான வார் நாடா) துண்டு வைத்து அதன் மேல் போடச் சொன்னேன். இங்கேதான் மனிதருடைய கைவேலை தெரிந்தது. நான் சொன்ன எக்ஸோடு நிறுத்தாமல், விளிம்பில் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டி பார்-டேக் (இழுபடும் இடம் பிரியாமல் இருக்கப் போடும் அடர்த்தித் தையல்) மாதிரி முடித்திருந்தார். அவரிடம் பார்-டேக் மெஷின் கிடையாது, சாதா மெஷினில் கையால் ரிவர்ஸ் போட்டு ஓட்டியது. எங்கள் கம்பெனித் தையல் லைனில் இருபது பேரில் ஒருவருக்குத்தான் அந்தக் கை வரும். மற்ற இடங்களில் இஞ்சுக்கு ஏழு எட்டுத் தையல்தான். நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைப்பவர்களுக்கு: ஊசி ஓட்டை கூடினால் துணி தபால் தலை ஓரம் போல அந்தக் கோட்டிலேயே கிழியும்.

ஜிப் மட்டும் நான் வெளியில் வாங்கிக் கொடுத்தேன். நைலான் சுருள் ஜிப், 8-ஆம் நம்பர். மெட்டல் ஜிப்பில் ஒரு பல் வளைந்தாலும் கதை முடிந்தது. சுருள் ஜிப் விலகினால் ரன்னரைப் பின்னால் இழுத்துத் திரும்ப ஓட்டினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். இரண்டு ரன்னர் போட்டதால் சின்னப் பூட்டு மாட்டலாம். பை மூன்று பக்கமும் திறந்து முழுசாக விரிகிறது. மேலே மட்டும் வாய் உள்ள பையில், அடியில் கிடக்கும் சார்ஜருக்காக உள்ளாடை எல்லாம் வெளியே எடுத்து ஹாஸ்டல் கட்டிலில் பரப்பியவர்களுக்கு இதன் அருமை புரியும். பாஸ்போர்ட்டுக்கு முதுகை ஒட்டிய பக்கம் ஒரு ரகசிய அறை. மாட்டியிருக்கும்போது யாராலும் கை விட முடியாது.

இடுப்பு பெல்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாரத்தை இடுப்புக்கு இறக்குவது அதன் வேலை. பன்னிரண்டு பதினைந்து கிலோ தூக்குகிறவர்களுக்கு வேண்டும், ஏழு கிலோவுக்கு அது வீண் சுமை.

இனி பை எப்படி உழைத்தது என்று சொல்கிறேன். காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம். கவுண்டரில் பையைத் தராசில் வைக்கச் சொன்னார்கள். தோளில் தொங்கிய சின்னப் பையோடு சேர்த்து 6.8. அந்தப் பெண் டேக் மாட்டித் திருப்பித் தந்தபோது, என் பின்னால் நின்றவர் பெட்டியைத் திறந்து ஜீன்ஸை எடுத்து உடுத்தியிருந்த பேன்ட் மேலேயே மாட்டிக்கொண்டிருந்தார்.

கோலாலம்பூரில் காலையில் இறங்கினால் டார்மிட்டரியில் மதியத்துக்கு மேல்தான் கட்டில் தருவார்கள். நானும் சித்தி பொண்ணும் பையோடவே கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் பிடித்து பத்து மலை போனோம். 272 படி, வெயில், முதுகில் பை. முதுகுப் பக்கம் வைத்த ஃபோமுக்கு நடுவே பாய் ஒரு பள்ளம் விட்டுத் தைத்திருந்தார், காற்று போக. நான் கேட்காமல் அவரே செய்தது. வியர்த்தது, ஆனால் சட்டை ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கவில்லை. பக்கத்துப் பாக்கெட்தான் காலை வாரியது: ஆழம் போதாது. குனிந்தால் தண்ணீர் பாட்டில் விழுகிறது, படியில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று அதிலிருந்த பிஸ்கெட் பாக்கெட்டை அப்படியே உருவிக்கொண்டு போய்விட்டது. முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம், அதன் அடியில் நின்று என் தங்கை குரங்கைத் திட்டிய தமிழ் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் புரிந்தது.

அங்கிருந்து இ.டி.எஸ். என்ற மின்சார விரைவு ரயிலில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் நாலு மணி நேரம் சொச்சம். தலைக்கு மேல் தட்டில் பை சுகமாகப் படுத்தது. ஸ்டேஷனை ஒட்டியே பினாங்கு ஃபெர்ரி. இறங்கி நடந்தே ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா போய்விடலாம். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கம் நம்ம சாப்பாடு மலிவு. சூலியா ஸ்ட்ரீட், லவ் லேன் பக்கம் டார்மிட்டரிக் கட்டில்கள். ஒரு ரிங்கிட்டுக்குச் சுமார் 20 ரூபாய் என்று பெருக்கிப் பெருக்கிப் பார்த்து, கட்டிலுக்கு 40 ரிங்கிட் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். லாக்கருக்குள் எங்கள் பை அப்படியே நுழைந்தது. பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரர் ஒருவருடைய 65 லிட்டர் மூட்டை நுழையாமல் நடைபாதையிலேயே கிடந்தது.

மழையில்தான் பையின் உண்மை தெரிந்தது. பினாங்கில் சாயங்கால மழை கொட்டினால் ஐந்தடி அகல நடைபாதையில் ஒதுங்கலாம், அது வரை ஓடுவதற்குள் நனைந்துவிடும். துணி தண்ணீரை உள்ளே விடவில்லை. ஜிப் விட்டது, ஊசி ஓட்டைகள் விட்டன. உள்ளே ஒரு மூலையில் துணி ஈரம். இதற்குப் பாயைக் குறை சொல்ல முடியாது, தையலுக்கு மேல் டேப் ஒட்டும் மெஷின் அவரிடம் இல்லை. பெரிய குப்பைக் கவர் ஒன்றை உள்ளே விரித்து அதற்குள் துணியை அடுக்கினால் பிரச்சினை தீர்ந்தது, மறுநாளே அப்படித்தான் செய்தோம்.

குறை சொல்ல முடிந்தது வேறு. மார்பு வார் பக்கிள் மட்ட ரகம். தாய்லாந்து எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் ஸ்டேஷனில் கழற்றி மாட்டும்போது அதன் காது உடைந்தது. (அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே மலேசியா முத்திரையும் தாய்லாந்து முத்திரையும் குத்தி விடுகிறார்கள், நடந்து எல்லை தாண்டும் வேலையே இல்லை. அங்கிருந்து தெற்கு தாய்லாந்து நகரமான ஹாட் யாய்க்குச் சின்ன ரயில் 50 பாட். இரண்டு நாட்டுக்கும் வருகை அட்டையை மூன்று நாள் முன்னாலிருந்து இணையத்தில் நிரப்பலாம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்ப மறக்காதீர்கள்.) ஒட்டுப் பசை வாடை போக ஒரு வாரம் மொட்டை மாடி வெயிலில் காயப் போட்டேன். எல்லாவற்றையும்விட எரிச்சல், தேதி. "நாளைக்கு வாம்மா" என்று சொல்லிச் சொல்லியே இழுத்தடித்தார். மே, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் சீசன், அவர் கடையில் ஸ்கூல் பைகள் கூரை வரை நிற்கும். அப்போது போகவே போகாதீர்கள்.

உள்ளே என்ன போனது என்று கேட்பவர்களுக்கு: போட்டிருப்பது போக மூன்று செட் துணி, ஒரு மெல்லிய துண்டு, செருப்பு, மருந்து, சார்ஜர், 100 மில்லிக்குள் அடங்கும் எண்ணெய் பாட்டில், பவர் பேங்க். பவர் பேங்க் கையோடுதான் போக வேண்டும், 100 வாட்-ஹவருக்குள் (Wh) இருந்தால் கேள்வி இல்லை. ஆற்காட்டு அத்தை மக்கன் பேடா டப்பா ஒன்றைத் திணிக்கப் பார்த்தார். பாகில் மிதக்கிற பண்டம், செக்யூரிட்டியில் விடமாட்டார்கள் என்றேன். "அவங்களுக்கும் ரெண்டு குடு" என்றார்.

யாருக்கு ஒத்து வராது? டென்ட், தூங்கும் பை தூக்கி மலையேறுகிறவர்களுக்கு, பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கு, ஆறடிக்கு மேல் இருப்பவர்களுக்கு. முதுகு நீளத்துக்கு ஏற்றிக் குறைக்கும் வசதி இதில் கிடையாது. கணக்குப்படி 56, 36, 23-ஐப் பெருக்கினால் 46 லிட்டர் வரும். மூலை வளைவு, ஃபோம் எல்லாம் போக நிஜத்தில் 38 லிட்டர் அளவுக்குத்தான் பிடிக்கிறது.

போகிறவர்கள் துணி, ஜிப், பக்கிள் மூன்றையும் நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள். சென்னை பெரியமேடு பக்கம் கிடைக்கும். அளவை வாயால் சொல்லாமல் அட்டையில் வெட்டிக் கொடுங்கள். பக்கத்துப் பாக்கெட் 20 செ.மீ. ஆழம் என்று அட்டையிலேயே எழுதிவிடுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் தர வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும். தங்கைக்கு என் பை பிடித்துப்போய் இப்போது அவளும் ஆர்டர் கொடுத்திருக்கிறாள். கூலி 900 ஆகிவிட்டது, ரிவெட் பேச்சை மட்டும் பாய் இந்த முறை எடுக்கவில்லை.