குட்டி யானைச் சாவிக்கொத்து: குரோஷே பின்னல் தொகுப்பு ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரியில் தையல் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், குட்டி யானை வடிவச் சாவிக்கொத்தைக் குரோஷே ஊசியால், அதாவது முனையில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியால், பின்னுவதற்கான தொகுப்பை வாங்கினேன். சாம்பல் நிறப் பருத்தி நூல், ஊசி, பஞ்சு, இரண்டு பிளாஸ்டிக் கண்கள், வளையம், செய்முறைத் தாள் ஆகியவை அதில் இருந்தன. தேன்கனிக்கோட்டைக் காடுகளில் யானைகள் நடமாடும் மாவட்டத்தில் வாழும் எனக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் வேறில்லை.

செய்முறைத் தாளே இத்தொகுப்பின் சிறப்பு. பஞ்சடைத்த சிறு பொம்மைகளைப் பின்னும், ஜப்பானியர் அமிகுருமி என்றழைக்கும் இம்முறையில், இழுத்தால் இறுகும் நூல் வளையத்துக்குள் 6 கண்ணிகள் (பின்னல் முடிச்சுகள்) போட்டு, அடுத்த சுற்றில் ஒவ்வொன்றையும் இரண்டாக்கி 12, அதற்கடுத்த சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றைப் பெருக்கி 18 என வளர்ப்பதை அது படங்களுடன் தெளிவாக விளக்குகிறது. சுற்றுகளை இணைக்காமல் சுருளாகப் பின்னுவதால், ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் வேறு நிற நூல் துண்டைச் செருகி அடையாளம் வைக்கச் சொல்கிறது. அதைச் செய்யாததால் என் முதல் யானைத் தலையை முழுவதும் பிரிக்க நேர்ந்தது.

குறை ஊசியில்தான் இருக்கிறது. அந்த மெல்லிய நூலுக்கு 3.5 மி.மீ. ஊசி பெரிது; கண்ணிகள் தளர்ந்து, இடைவெளிகளில் பஞ்சு தெரிந்தது. என்னிடமிருந்த 2.5 மி.மீ. ஊசிக்கு மாறியதும் பின்னல் இறுகி, தும்பிக்கை துவளாமல் நின்றது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளில் பிளாஸ்டிக் கண்களைத் தவிர்த்து, கறுப்பு நூலால் கண்களைத் தைப்பதே பாதுகாப்பானது. இந்த எச்சரிக்கையை உறையின் மேல் அவசியம் அச்சிட வேண்டும்.

நூலும் பஞ்சும் தரமானவை என்பதால், அடுத்து அதே கடையில் முயல் தொகுப்பை வாங்கவிருக்கிறேன்.