பித்தப்பைக் கல்: இந்தத் தடவையே எடுப்பதா, ஆறு வாரம் கழித்தா?

போன தை மாதக் கடைசியில், காப்பிப் பழம் பறித்து முடித்த நேரத்தில், அம்மாவுக்கு மேல்வயிற்றில் வலி வந்தது. முதுகு வரைக்கும் ஊடுருவிய வலி, இரண்டு தடவை வாந்தி. காஸ்தான் என்று சோடா குடித்துப் பார்த்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார். விடிந்ததும் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கினோம். ஸ்கேனில் பித்தப்பை நிறையப் பொடிக்கல். ரத்தத்தில் லைபேஸ், அதாவது கணையம் சுரக்கிற நொதி, எகிறியிருந்தது. கல் ஒன்று நழுவிக் கணையத்தைக் கிளறிவிட்டிருக்கிறது, நல்லவேளையாக லேசான அழற்சிதான் என்றார் டாக்டர். நான்காம் நாள் வலி அடங்கி இட்லி சாப்பிட்டார். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. இந்த அட்மிஷனிலேயே பித்தப்பையை எடுத்துவிடுவதா, வீட்டுக்குப் போய்த் தேறி ஆறு வாரம் கழித்து வருவதா?

நாங்கள் எடுத்துவிட்டோம். ஐந்து வருடத்துக்கு முன்பு சித்தப்பாவுக்குப் பொறுத்திருந்தோம். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்ததால் எழுதுகிறேன்.

வழக்கமாக எல்லோரும் கேட்கிற மற்ற கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட முடியாதா? முடியாது, கல் உருவாவதே அந்தப் பையில்தான். பை இல்லாமல் செரிக்குமா? செரிக்கும். பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல். பித்தப்பை அதில் 30 முதல் 50 மில்லி வரை பிடித்து வைக்கிற சின்னப் பைதான். மாத்திரையில் கரையாதா? சிறிய கொழுப்புக் கல் என்றால், மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் கரையலாம், நிறுத்தினால் திரும்ப வரும். நம் பக்கம் அதிகம் பார்க்கிற கறுப்பு, பழுப்புக் கற்களுக்கு அதுவும் பலிக்காது. வாழைத்தண்டுச் சாறு பேச்சே வேண்டாம், பித்தக் கல் வேறு, சிறுநீரகக் கல் வேறு. வயிற்றைத் திறப்பதா, துளை போட்டா? 1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தார், 1990-ல் மும்பையில் டாக்டர் உத்வாடியா செய்தார். இன்றைக்கு லேப்ராஸ்கோப்பிதான் வழக்கம். உள்ளே சிக்கலாக இருந்தால் நடுவில் திறக்க நேரிடும், அப்படிச் செய்வது உயிரைக் காக்கத்தானே தவிர, டாக்டர் தோற்றுவிட்டார் என்று அர்த்தமில்லை.

பொறுத்திருக்கச் சொல்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வீங்கிச் சிவந்த பித்தப்பையைச் சுற்றி எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பித்தப்பைக் குழாய் எது, கல்லீரலிலிருந்து வரும் பெரிய பித்தநாளம் எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். தவறிப்போய்ப் பித்தநாளத்தை வெட்டிவிட்டால் அது மனிதரின் வாழ்நாள் முழுக்கத் துரத்துகிற பிரச்சினை, சரிசெய்ய இன்னொரு பெரிய ஆபரேஷன் தேவைப்படும். இது ஆயிரத்தில் மூன்று நான்கு பேருக்கு நடப்பதாகச் சொல்வார்கள். வீக்கம் வற்றட்டும், பிறகு தொடலாம் என்ற பழைய பாடம் இந்தப் பயத்திலிருந்து வந்ததுதான்.

சரி, அந்த ஆறு வாரம் எப்படிப் போகும்? என் முடிவுக்குக் காரணம் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

பித்தநாளமும் கணைய நாளமும் சிறுகுடலில் ஒரே வாயில் போய்ச் சேர்கின்றன. இரண்டு வாய்க்கால் ஒரே மடையில் கலக்கிற மாதிரி. பெரிய கல் பெரும்பாலும் பையிலேயே உருண்டுகொண்டிருக்கும். பொடிக்கல்தான் குழாய்க்குள் நழுவி அந்த மடையை அடைக்கும். அடைத்தால் மஞ்சள் காமாலை, சீழ்க் காய்ச்சல், கணைய அழற்சி, எது வேண்டுமானாலும் வரலாம். முதல் வலி அடங்கியதால் கல் போய்விட்டதாக ஆகாது. பை நிறைய மிச்சக் கல்லோடுதான் வீட்டுக்கு வருகிறோம்.

சித்தப்பாவுக்கு முதலில் வந்தது பித்தப்பை அழற்சி. வலி வந்த மறுநாளே டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆன்டிபயாடிக் ஏற்றி, ஐந்தாம் நாள் ‘ஆறு வாரம் கழித்து வாங்க’ என்று அனுப்பினார்கள். இடையில் என்ன நடக்கலாம், எந்த அறிகுறிக்கு உடனே ஓடிவர வேண்டும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. நான்காம் வாரம், ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி குளிர்காய்ச்சல். டார்ச் அடித்துப் பார்த்தால் கண் மஞ்சள். மண் சரிந்து மலைப்பாதையை அடைத்திருந்தார்கள். கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் பாதையில் சுற்றிக்கொண்டு இறங்கினோம். பின்சீட்டில் அவர் பல் கிட்டித்து நடுங்கிய சத்தம் வழி முழுக்கக் கேட்டது. வாய் வழியே எண்டோஸ்கோப் விட்டுக் குழாயிலிருந்து கல்லை எடுத்து, அது அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்கிற சின்னக் குழலை வைத்தார்கள். அது ஆறி, பித்தப்பை எடுத்து, ஸ்டென்டையும் கழற்றி முடிக்க நான்கு மாதம். (பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தால் மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மறந்துவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும்.)

ஒரு வீட்டுக் கதையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பீர்கள், சரிதான். லேசான கணைய அழற்சி வந்தவர்களை வைத்து நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. அதே அட்மிஷனில் பித்தப்பை எடுத்தவர்களில், ஆறு மாதத்துக்குள் கல் தொந்தரவால் மறுபடி சேர்க்க நேர்ந்தவர்களோ இறந்தவர்களோ 5 சதவீதம். காத்திருந்தவர்களில் 17 சதவீதம். அவர்கள் காத்திருந்ததே சுமார் நான்கு வாரம்தான். பித்தப்பை அழற்சிக்கு 2013-ல் வந்த ஜெர்மன் ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் செய்தவர்களுக்குச் சிக்கல் 11.8 சதவீதம், தள்ளிப்போட்டவர்களுக்கு 34.4 சதவீதம். பழைய பயம் முழுக்கப் பொய் இல்லை, ஆனால் காத்திருப்பதுதான் பாதுகாப்பு என்பது நிற்கவில்லை. இத்தனைக்கும் அங்கெல்லாம் ஆம்புலன்ஸ் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கத் தேவையில்லை.

செலவிலும் உடனே எடுப்பதுதான் நல்லது. இரண்டு அட்மிஷன் என்றால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் இரண்டு தடவை, கூட இருப்பவருக்கும் இரண்டு தடவை கூலி போகும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, வருடத்துக்கு 5 லட்சம் வரை. சேர்ந்த அன்றைக்கே அட்டையைக் காட்டி ஒப்புதல் கேட்டுவிடுங்கள், அது தாமதமானாலே நாள் கைவிட்டுப் போகும்.

ஏனென்றால் உடனே என்பதற்கும் ஒரு கெடு இருக்கிறது. பித்தப்பை அழற்சி என்றால் வலி தொடங்கி மூன்று நாளுக்குள் நல்லது, அதிகபட்சம் ஒரு வாரம், பத்து நாள். அதைத் தாண்டி வந்தால் உள்ளே இறுகிவிடும், அப்போது தள்ளிப்போடுவதே சரியாக இருக்கலாம். கணைய அழற்சி கடுமையாக இருந்து, உள்ளே நீர் கோத்து நிற்கிறது என்றாலும் பொறுக்கத்தான் வேண்டும். காமாலையும் குளிர்காய்ச்சலும் இருந்தால் முதலில் குழாயடைப்பை எடுப்பார்கள். இதயமோ நுரையீரலோ பலவீனமான வயதானவர்கள் விஷயம் எனக்கு அனுபவமில்லாத இடம், அங்கே மயக்க மருந்து டாக்டரின் வார்த்தைக்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம், ‘இறங்கி வந்தாச்சு, முடிச்சுட்டே மலை ஏறிடறேன் சாமி’ என்றார். ஆறாம் நாள் ஆபரேஷன், எட்டாம் நாள் வீடு. எடுத்த கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். பதினொன்று இருந்தன. கறுத்து, சுருங்கி, நம் தோட்டத்து மிளகை அப்படியே அள்ளி வைத்த மாதிரி. அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘இதுல எது அன்னைக்கு ராத்திரி தூங்க விடாதது?’ என்று கேட்டார். அது குடல் வழியாக எப்போதோ வெளியே போயிருக்கும்.

ஒரு வேலைதான் பாக்கி. எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அபூர்வமாக அதில் புற்றுநோய் தெரிய வரும் என்பதால் அந்த ரிப்போர்ட்டை விடாமல் வாங்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து நான் மட்டும் பஸ்ஸில் போய் வாங்கி வந்தேன், பயப்பட ஒன்றுமில்லை. நான் திரும்பி வரும்போது அம்மா களத்தில் உட்கார்ந்து, காயப்போட்ட மிளகில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். மூட்டையை மட்டும் தூக்கவில்லை.