மகளின் முதல் ரேசர்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நீச்சல் பயிற்சியில் சேர்ந்திருந்த என் பதின்மூன்று வயது மகள், ஒரு நாள் மாலை முழங்காலுக்குக் கீழே நீளமான கீறலோடும் வழியும் இரத்தத்தோடும் என் முன் வந்து நின்றாள். அப்பாவின் ரேசரை எடுத்து, தண்ணீர்கூடப் படாத உலர்ந்த காலில் அழுத்தி இழுத்திருக்கிறாள். அவளைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் வயதில் நானும் முடி நீக்கும் கிரீமை ஒளித்துவைத்துப் பூசி, உறையில் சொன்ன நேரத்தைத் தாண்டி விட்டுவிட்டு, தோல் வெந்து ஒரு வாரம் தவித்தவள்தான். "என்னிடம் கேட்டிருக்கலாமே கண்ணு" என்றதற்கு, "பாட்டி திட்டுவாங்களோன்னு பயந்தேம்மா" என்றாள். காயம் முழுவதும் ஆறிய பிறகு, இருவருமாகக் கடைக்குப் போய் அவளுக்கென்று ஒரு ரேசர் வாங்கினோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாங்கள் வாங்கியது மூன்று பிளேடுகளும், வளைவுக்கு ஏற்ப அசையும் தலையும், பிளேடுகளின் அருகில் வழுவழுப்பான பட்டையும் கொண்ட, பெண்களுக்கான எளிய ரேசர். இதே அமைப்பில் பல நிறுவனங்களின் ரேசர்கள் கிடைப்பதால், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையே சொல்கிறேன். முதலில் தலை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். முகத்தை மழிக்கும் கைக்குக் கண்ணாடி துணை இருக்கும். கெண்டைக்காலின் பின்புறத்தை மழிக்கும் சிறுமிக்குத் தான் என்ன செய்கிறோம் என்பதே சரியாகத் தெரியாது. அங்கே அசையாத தலையின் ஓரம் தோலில் பதிந்துவிடும். அடுத்து கைப்பிடி; நுரை பட்ட ஈரக் கையில் நழுவாதபடி தடித்தும், ரப்பர் பதித்தும் இருப்பது நல்லது. பெண்களுக்கென்று தனி ரேசரை ஜில்லெட் நிறுவனம் 1915-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கடையில் இருக்கும் ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று நம் வீடுகளில் தாயும் மகளும் இன்னும் பேசிக்கொள்ளாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

முதல் பாடம் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் குளியலறையில் நடந்தது. குளித்து முடிக்கும் நேரத்தில் மழிப்பதே சரி, ஏனெனில் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் ஊறினால் முடி நீரை உறிஞ்சி மென்மையாகிவிடும். அவளை மணையில் உட்காரவைத்து, ஒரு காலை மட்டும் கவிழ்த்த வாளியின் மேல் வைக்கச் சொன்னேன். ஈரத் தரையில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு ரேசரைப் பிடிக்கவே கூடாது. குளியல் சோப்பு நுரை சீக்கிரம் காய்ந்துவிடுவதால் வாசனையில்லாத ஷேவிங் ஜெல்லைத் தடவினோம். முதலில் என் காலில் இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டிவிட்டு (எனக்கென்று வேறு ரேசர் வைத்திருக்கிறேன், ரேசரைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்பதையும் அப்போதே சொன்னேன்), பிறகு அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். முடி சாயும் திசையிலேயே மெதுவாக, எடையே இல்லாததுபோல இழுக்க வேண்டும் என்றேன். அழுத்தினால்தான் வெட்டும் என்று எண்ணியிருந்த அவளுக்கு, அழுத்தாமலே முடி வந்தது வியப்பாக இருந்தது. கணுக்கால் எலும்பும் முழங்காலும்தான் கடினமான இடங்கள். முழங்காலைச் சற்று மடக்கித் தோலை இறுக்கிக்கொண்டு, சிறு சிறு இழுப்புகளாகக் கடந்தாள். முதல் நாளில் ஒரு கீறல்கூட விழவில்லை, அதற்குப் பாதிக் காரணம் அந்த அசையும் தலை என்று உறுதியாகச் சொல்வேன்.

குறைகளும் உண்டு. மூன்று பிளேடுகளுக்கு இடையே முடியும் ஜெல்லும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. ஒவ்வோர் இரண்டு இழுப்புக்கும் ஒருமுறை குவளை நீரில் அலச வேண்டியிருக்கிறது, தரையில் தட்டினால் பிளேடு கெட்டுவிடும். மேலும், பல பிளேடுகள் அடுத்தடுத்து ஓடும்போது முடி தோலின் மட்டத்துக்குக் கீழேயே வெட்டுப்படக்கூடும். சுருள்முடி உள்ளவர்களுக்கு அது உள்நோக்கி வளர்ந்து சிவந்த பருக்களைத் தரும். என் மகளுக்கு அக்குளில் அப்படி இரண்டு வந்தன. அங்கே முடி பல திசைகளில் வளர்வதால் மூன்று பிளேடு தேவையில்லை என்றும், ஒன்றோ இரண்டோ உள்ள ரேசர் போதும் என்றும் இப்போது நினைக்கிறேன்.

மழித்தால் முடி தடித்து வளரும் என்று என் மாமியார் கவலைப்பட்டார். இதை 1928-ஆம் ஆண்டிலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஆராய்ந்து, மழிப்பதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று கண்டறிந்தார். இயல்பான முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மாமியாரிடம் இதைப் பொறுமையாக விளக்கியதும், "உன் மகள், நீ பார்த்துக்கொள்" என்றார். அவர் தரும் கஸ்தூரி மஞ்சளையும் பயத்தம் மாவையும் மகள் மழிக்காத நாள்களில் விரும்பியே தேய்த்துக் குளிக்கிறாள். மழிக்க வேண்டும் என்று நான் அவளிடம் ஒருபோதும் சொன்னதில்லை. இரண்டு வாரம் தொடாமல் விட்டபோதும் ஏன் என்று கேட்கவில்லை.

நீச்சலுக்குச் சற்று முன்பு மழித்தால் குளோரின் நீர் எரிச்சல் தருகிறது, அதனால் முந்தைய நாள் மாலையிலேயே முடித்துவிட்டு மணமில்லாத ஈரப்பதக் கிரீமைத் தடவிக்கொள்கிறாள். ஒரு ரேசரை ஐந்து முதல் ஏழு முறை வரை பயன்படுத்தலாம். அதற்கு முன்பே முடியைப் பிடித்து இழுப்பதுபோலத் தோன்றினால் மாற்றிவிட வேண்டும். குளியலறை ஈரத்தில் விடாமல் உதறி, காற்றோட்டமான அலமாரியில் தலை மேலிருக்க நிறுத்திவைக்கிறோம். முழு ரேசரையும் தூக்கியெறிவது பிளாஸ்டிக் குப்பையாகச் சேர்வதால், அடுத்த முறை தலையை மட்டும் மாற்றும் வகையை வாங்கப்போகிறோம். தொடக்கச் செலவு கூடினாலும் அதுவே எனக்கு ஏற்புடையதாகத் தெரிகிறது. பழைய ரேசர்களைத் தடித்த அட்டையில் சுற்றி, ஒட்டி, மேலே "பிளேடு" என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்கிறோம். அப்படி எழுதுவது என் மகளின் யோசனை.