ஊதா வெளிச்சப் படத்தைப் பார்த்து மருந்து எழுதும் 'செடி டாக்டர்'கள்: உஷார்

வீட்டுக்குள் விளக்கு வைத்து தக்காளி, மிளகாய், பேசில் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலை மஞ்சளானதும் பதறிப்போய், இணையத்தில் 'செடி டாக்டர்' என்று போட்டுக்கொண்டு ஆலோசனை சொல்பவர்களிடம் போகிற எண்ணம் இருந்தால், பணம் கட்டும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். ஆலோசனை சொல்பவரும் புட்டி விற்பவரும் ஒரே ஆளாக இருந்தால் இரண்டு தடவை படியுங்கள்.

நான் எல்லாவற்றையும் ஒரே விற்பனையாளரிடம் வாங்கினேன். கூடாரம், எல்.இ.டி. விளக்கு, மண்ணுக்குப் பதிலாகத் தேங்காய் நார்த்தூள், அடிப்படை உரம், கரைசலின் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். பேனா எல்லாம் சேர்ந்த செட். கூடவே கட்டணம் கட்டினால் செடி வளர்ந்து முடியும் வரை சந்தேகம் கேட்கலாம் என்றார்கள், அதையும் கட்டினேன். நாற்று நட்டுச் செடி நன்றாகத்தான் வந்தது. அப்புறம் கொழுந்து வெளிறத் தொடங்கியது. இலையின் நரம்பு மட்டும் பச்சை, நடுவிலெல்லாம் மஞ்சள். அடியிலைகளில் ஒன்றுமில்லை, கரும்பச்சையாகத் திடமாக இருந்தன.

அவர்களுடைய 'செடி டாக்டர்' படம் அனுப்பச் சொன்னார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அந்த ஊதா வெளிச்சத்திலேயே எடுத்து அனுப்பினேன். சில நிமிடத்தில் பதில்: "நைட்ரஜன் பத்தல சார், இலை பூஸ்டர் ஒண்ணு போடுங்க." லிங்க்கும் வந்துவிட்டது. அது அவர்கள் கடை லிங்க்.

இங்கேயே நிறுத்திச் சொல்கிறேன். சிவப்பும் நீலமும் கலந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இலையின் உண்மையான நிறம் தெரியவே தெரியாது. பச்சையைக் காட்ட அதில் பச்சை ஒளி போதாது. மஞ்சளும் வெளிர்ப் பச்சையும் ஒரே மாதிரி சாம்பல் பூசியது போலத்தான் விழும். செடியைப் பற்றித் தெரிந்தவர் முதலில் கேட்பது, "விளக்கை அணைச்சிட்டு வெள்ளை வெளிச்சத்துல இன்னொரு படம் எடுங்க" என்பதாகத்தான் இருக்கும். அடுத்த கேள்வி, "மஞ்சள் மேலேயா, கீழேயா?" இந்த ஆள் இரண்டையும் கேட்கவில்லை.

மேலா கீழா என்பது சாதாரணக் கேள்வி இல்லை, நோய் கண்டுபிடிப்பதில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் இவையெல்லாம் செடிக்குள் நகரக்கூடிய சத்துகள். பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும், அதனால் அடியிலை முதலில் வாடும். இரும்பும் கால்சியமும் அப்படி நகராது, ஆகவே குறை கொழுந்தில்தான் தெரியும். என் செடியில் கொழுந்துதான் மஞ்சள், நரம்பு பச்சை. பாடப் புத்தகத்தில் இரும்புக் குறைபாட்டுக்குப் போடுகிற படம் அதுதான். நைட்ரஜன் என்று சொன்னது ஊகம்கூட இல்லை, கையில் இருந்த சரக்கு அது.

பூஸ்டர் ஊற்றியபின் கொழுந்து மஞ்சளாகவே இருந்தது, கூடவே இலை நுனி கருக ஆரம்பித்தது. "கால்சியம் குறை, கால்-மேக் போடுங்க." கால்சியமும் மெக்னீசியமும் கலந்த புட்டி அது. போட்டேன். நுனியிலிருந்து ஓரம் முழுக்கக் கருகி, இலை கீழ்நோக்கிச் சுருண்டது. "வேர் பலவீனம், வேர் டானிக்." அதற்கப்புறம் "சிலந்திப் பேன் மாதிரி இருக்கு" என்று ஒரு மூலிகை எண்ணெய். அதை விளக்கு எரியும்போதே அடிக்கச் சொன்னார். எண்ணெய் பட்ட இலைமேல் பலமான வெளிச்சம் விழுந்தால் இலை வெந்துவிடும், மேலிருந்த இலைகளெல்லாம் வெந்துதான் போயின. சிலந்திப் பேன் இருந்தால் இலையின் மேல்புறம் ஊசி குத்தியது போலச் சின்னச் சின்ன வெளிர்ப் புள்ளிகள் இருக்கும், அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை இருக்கும், ஒரு பூதக்கண்ணாடி வைத்தால் பேன் ஊர்வதே தெரியும். என் இலைகளில் எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பினேன். "முன்னெச்சரிக்கைக்கு அடிங்க" என்று பதில்.

ஹைட்ரோபோனிக்ஸில் (மண்ணில்லாமல் சத்துநீரில் செடி வளர்ப்பது) நல்ல அனுபவமுள்ள நண்பர் ஒருவர் தன் மீட்டர்களோடு வந்து பார்த்தார். இலையை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. முதலில் என் பி.எச். பேனாவை வாங்கி, தான் கொண்டுவந்த, பி.எச். சரியாக 7.00 உள்ள அளவுத்திருத்தக் கரைசலில் வைத்தார். 6.1 காட்டியது. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தோம், 6.1-தான். அதாவது நான் ஒவ்வொரு முறையும் 6.2 என்று நம்பி ஊற்றிய கரைசல் உண்மையில் 7.1-க்குப் பக்கம். பி.எச். அளவுகோலில் 0.9 வித்தியாசம் என்றால் அமிலத்தன்மையில் ஏறக்குறைய 8 மடங்கு வித்தியாசம்.

பேனா வந்தபோதே அதன் மூடிக்குள் பஞ்சு காய்ந்து கிடந்தது. அளவுத்திருத்தப் பாக்கெட் எதுவும் கூட வரவில்லை. அப்போதே கேட்டேன், "ஃபேக்டரியிலேயே கேலிப்ரேட் பண்ணிதான் சார் வருது" என்றார்கள். பி.எச். பேனாவின் கண்ணாடி முனை எப்போதும் ஈரமாக, அதற்கான பொட்டாசியம் குளோரைடு கரைசலில் இருக்க வேண்டும். காய்ந்தால் அளவு பிசகும். ஃபேக்டரியில் செய்த திருத்தம் காலத்துக்கும் நிற்காது, 7.00 மற்றும் 4.01 கரைசல்களில் நாமே அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். பேனா விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இப்போது மஞ்சளின் காரணம் விளங்கியது. நார்த்தூளிலும் தண்ணீர் வளர்ப்பிலும் பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருந்தால்தான் சத்துகள் வேருக்குக் கிடைக்கும். உரத்தில் இரும்பு பெரும்பாலும் இ.டி.டி.ஏ. என்ற பொருளோடு பிணைந்து வரும், அந்தப் பிணைப்பு 6.5 தாண்டினால் தளர ஆரம்பிக்கும். டி.டி.பி.ஏ. என்ற இன்னொரு பொருளோடு பிணைந்த இரும்பு 7 வரைக்கும் அதற்குச் சற்று மேலும் தாங்கும். என் உரத்தில் இரும்பு இருந்தது. செடியால் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். எத்தனை புட்டி ஊற்றினாலும் கொழுந்து பச்சையாகி இருக்காது.

கருகலின் காரணம் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மின்கடத்துத்திறனால் காட்டும் அளவு ஈ.சி. தொட்டியில் ஊற்றியது ஈ.சி. 1.8. அடியில் வடிந்த நீரை நண்பர் அளந்தார்: 4.6. உப்பு வேரைச் சுற்றிக் குவிந்து கிடந்தது. அந்த அளவில் வேர் தண்ணீர் இழுக்கத் திணறும், இலை நுனியும் ஓரமும் கருகும். கால்சியம் குறை என்று சொன்னாரே, அது உண்மையில் உப்பு மிகுந்ததால் வந்த கருகல். மருந்து என்று தொட்டியில் ஊற்றச் சொன்ன ஒவ்வொரு புட்டியும் அந்த உப்பை ஏற்றியது. செடி மோசமானது, செடி மோசமானதால் அடுத்த புட்டி. ஒரு தடவைகூட "வடிநீர் ஈ.சி. எவ்வளவு?" என்று அவர் கேட்டதில்லை. பழைய அரட்டையை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன், ஒரு எண்கூட அவர் கேட்கவில்லை.

நார்த்தூளும் தன் பங்குக்குக் கெடுத்திருந்தது. பையில் 'பஃபர் செய்தது' என்று போட்டிருந்தது. நாரில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் ஒட்டியிருக்கும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அவற்றை வெளியேற்றுவதுதான் பஃபர் செய்வது. செய்யாவிட்டால் நாம் ஊற்றும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நார் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியே விடும். மிச்சமிருந்த புதுத் தூளைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து அளந்தோம். உரம் ஒரு சொட்டும் படாத தூள், ஈ.சி. 1.9. கழுவவே இல்லை.

'இலை பூஸ்டர்', 'வேர் டானிக்' இரண்டையும் நண்பர் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே நிறம், ஒரே வாடை. ஒரு லிட்டர் வடித்த நீரில் ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி விட்டதில் ஈ.சி. ஒரே அளவு ஏறியது. இரண்டும் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆய்வகச் சோதனை செய்யவில்லை. ஆனால் எந்தப் புட்டியிலும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் எத்தனை சதவீதம் என்று அச்சிடவில்லை. 'ரகசியக் கலவை' என்று மட்டும் இருந்தது. செடிக்குப் போடும் உரத்தில் ரகசியம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

மூலிகை எண்ணெய் விஷயத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் காய் நம் வாய்க்குள் போகிறது. 2016-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநில வேளாண் துறை, முழுக்க இயற்கை என்று சொல்லி உள்ளறை வளர்ப்பாளர்களுக்கு விற்கப்பட்ட ஒரு பேன் மருந்தில் அபாமெக்டின் என்ற ரசாயனம் லேபிளில் சொல்லாமலேயே கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, விற்பனையை நிறுத்தியது. உட்பொருள் பட்டியல் இல்லாத தெளிப்பானைச் சாப்பிடும் செடிமேல் அடிக்காதீர்கள். நான் அந்தச் செடிகளின் காய்கள் எதையும் யாருக்கும் கொடுக்கவில்லை, பறித்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

விளக்கையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் '1000 வாட்'. சுவரில் மாட்டும் மின் அளவியில் செருகிப் பார்த்தால் 110 வாட். கேட்டால் '1000-க்குச் சமம்' என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறதாம். எதற்குச் சமம் என்று எங்கும் இல்லை. வாங்கும் முன் கேட்க வேண்டியது இரண்டுதான்: சுவரிலிருந்து இழுக்கும் உண்மையான வாட், பி.பி.எஃப்.டி. வரைபடம் (செடிக்குப் பயன்படும் ஒளி எந்த இடத்தில் எவ்வளவு விழுகிறது என்று காட்டுவது). காய்க்கிற தக்காளிக்கு இலை மட்டத்தில் பி.பி.எஃப்.டி. 400-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. வரைபடம் தர மறுக்கிறவரிடம் விளக்கு வாங்க வேண்டாம்.

அளவுகளையெல்லாம் படம் பிடித்து அனுப்பினேன். "மீட்டரை நம்பாதீங்க, இலையைப் பாருங்க" என்று ஒரு வரி வந்தது. காசைத் திருப்பிக் கேட்டதும், திறந்த புட்டியை எடுக்க மாட்டோம் என்றார்கள். பேனாவை மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நான் எழுதிய விமர்சனமும் காணோம். கட்டண நிறுவனத்திடம் புகார் கொடுத்திருக்கிறேன். இதே போல மாட்டியிருப்பவர்கள் அரட்டையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள், லேபிள் தெரியப் படம் எடுங்கள்.

செடிகளில் பாதி பிழைத்தது. புட்டிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அடிப்படை உரத்தை மட்டும் நீர்த்துக் கலந்து, பி.எச். 5.8-க்குக் கொண்டுவந்து, வடிநீர் ஈ.சி. ஊற்றும் அளவுக்கு அருகில் வரும்வரை நிறைய ஊற்றி வடித்தோம். வெறும் தண்ணீரை ஊற்றவில்லை. நார்த்தூளில் அப்படிச் செய்தால் கால்சியமும் சேர்ந்து போய்விடும். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து மறுபடி புட்டியைத் தேடாதீர்கள். அடுத்து விடும் கொழுந்தைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு அது பச்சையாக வந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. உர அளவை ஈ.சி.க்குப் பதில் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று சொல்லும் அட்டவணை கையில் இருந்தால், ஈ.சி.யை 500-ஆல் பெருக்கியதா, 700-ஆல் பெருக்கியதா, எந்த அளவுகோல் என்று கேளுங்கள். 1000 பி.பி.எம். என்பது 500 அளவுகோலில் ஈ.சி. 2.0, 700 அளவுகோலில் 1.4 தான். என் செட்டில் வந்த அட்டவணையில் அது குறிப்பிடவே இல்லை. இதே செட்டை வாங்கி வைத்திருப்பவர்கள் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ஒரு 7.00 பாக்கெட் வாங்கிப் பேனாவைச் சோதித்துப் பாருங்கள். அதற்கு முன் இன்னொரு புட்டியைத் திறக்க வேண்டாம்.