கிரேன் கை சிக்னல் பலகை: படம் சரி, தமிழ்தான் ஆபத்து

சேஃப்டி சாமான் கடையில் கிரேன் சிக்னல் சார்ட் (கிரேன் ஆபரேட்டருக்குக் கையால் காட்டும் சைகைகளின் படப் பலகை) கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் இந்த மாதிரிதான். 2 அடிக்கு 3 அடி, 5 மி.மீ. சன்போர்டு (லேசான பிளாஸ்டிக் நுரை அட்டை), மஞ்சள் பின்னணியில் 16 கறுப்பு உருவங்கள், அடியில் ஆங்கிலம், இந்தி, தமிழ். அச்சடித்தவர் பெயர் எங்கும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். படங்கள் ஏஎஸ்எம்இ பி30.5 என்கிற அமெரிக்க கிரேன் பாதுகாப்புத் தரநிலையின் முறைப்படி பிசகில்லாமல் இருக்கின்றன. லோடைத் தூக்க முன்கையை நிமிர்த்தி, ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சின்ன வட்டம். இறக்க, கையைக் கீழே நீட்டி அதே வட்டம். மெயின் ஹூக் வேண்டுமென்றால் முஷ்டியால் தலையில் தட்டல், சின்ன ஹூக்குக்கு முழங்கையில் தட்டல். எழுத்து ஒன்றுகூடப் படிக்காமல் உருவத்தை மட்டும் பார்த்துச் செய்யலாம். தமிழ், இந்தி, ஒடியா பேசுகிறவர்கள் ஒரே ஸ்லிங்கை (லோடைக் கட்டித் தூக்கும் பட்டை) பிடிக்கிற சைட்டில் அதுதான் முக்கியம்.

சிக்கல் தமிழ் வரிகளில். லோடு தூக்கும் படத்துக்கும் பூம் (கிரேனின் நீண்ட கை) தூக்கும் படத்துக்கும் ஒரே ‘மேலே’. இரண்டும் வேறு வேறு வேலை. பூமுக்குக் கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை மடக்கி, கட்டைவிரலை மேலே காட்ட வேண்டும். பூம் ஏறினால் லோடு உயர்வதோடு கிரேனை நோக்கியும் வரும். கட்டைவிரல் கீழே போனால் பூம் இறங்கி, ரேடியஸ் (கிரேன் நடுவிலிருந்து லோடு வரை உள்ள கிடைமட்டத் தூரம்) கூடி, தூக்கும் திறன் குறையும். திறனின் விளிம்பில் லோடு தொங்கும்போது கிரேன் கவிழவே வழி. ‘ஓகே’ என்பதற்குக் கட்டைவிரல் தூக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிற ஊரில் ‘பூமைத் தூக்கு’, ‘லோடைத் தூக்கு’ என்று பிரித்து எழுதாதது பெரிய குறை. மார்க்கர் பேனாவால் நீங்களே எழுதிவிடுங்கள்.

இதைவிடக் கூத்து, இரு கைகளையும் உடம்பின் முன் கோத்து நிற்கும் ‘டாக் எவ்ரிதிங்’ படம். கீழே ‘எல்லாம் நாய்’ என்று போட்டிருக்கிறார்கள். இங்கே டாக் என்பது கம்பிவடம் சுற்றும் டிரம் சுழலாமல் பிடிக்கும் கொக்கி. ‘எல்லா இயக்கத்தையும் நிறுத்திப் பிடி’ என்பதுதான் பொருள்.

ஸ்விங் (பூமைப் பக்கவாட்டில் திருப்புவது) படங்களில் ‘வலது’, ‘இடது’ என்று மட்டும் இருக்கிறது. யாருடைய வலது? சிக்னல் காட்டும் சிக்னல்மேன் ஆபரேட்டரைப் பார்த்து நிற்பதால் இவர் வலம் அவர் இடம். திசை எப்போதும் ஆபரேட்டர் பக்கத்திலிருந்துதான் கணக்கு. கையை நீட்டிக் காட்டும்போது குழப்பமில்லை. வாக்கி-டாக்கிக்கு மாறும்போதுதான் வினை.

ஸ்டாப் படம் தெளிவாக இருந்தும் ஆட்கள் தப்பாகச் செய்கிறார்கள். கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, கிடைமட்டமாக முன்னும் பின்னும் வீச வேண்டும். இரண்டு கையும் வீசினால் எமர்ஜென்சி ஸ்டாப். நம் ஊரில் ‘இறக்கு இறக்கு’ என்பதற்கும் உள்ளங்கையைக் கீழே வைத்துத்தான் தட்டுவோம், ‘வா’ என்று கூப்பிடவும் அப்படியே. தூரத்திலிருந்து மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். பலகையில் அம்புக்குறி மெலிசு. சிவப்பு டேப்பில் தடிமனாக்கினால் நல்லது.

பலகையில் இல்லாத மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும். ஸ்டாப் யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும். மற்ற சிக்னல் ஒருவர் மட்டுமே கொடுக்க வேண்டும். கை சிக்னலில் வேலை நடக்கும்போது சிக்னல்மேன் ஆபரேட்டர் கண்ணில் படாவிட்டால் லோடு நகரக் கூடாது.

வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ரிக்கர் (லோடைக் கட்டுபவர்) இருந்தால் கூடுதல் கவனம். பிரிட்டிஷ் முறையில் விரல்களை மூடித் திறந்தால் ‘இஞ்ச் இஞ்சாக’. இந்தப் பலகை முறையிலோ, கட்டைவிரல் மேலே இருக்க விரல்களை மூடித் திறந்தால் பூம் ஏற, லோடு இறங்க வேண்டும். மெதுவாகச் செய்ய இங்கே வேறு வழி: சிக்னல் காட்டும் கைக்கு முன்னால் மற்றக் கையை அசையாமல் பிடிப்பது. எந்த முறை என்று காலையில் வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சான டூல்பாக்ஸ் டாக்கிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

பூமை நீட்டு, உள்ளிழு இரண்டும் நெஞ்சுக்கு முன்னால் காட்டுவது. முஷ்டிகளின் கட்டைவிரல்கள் வெளியே பார்த்தால் நீட்டு, ஒன்றையொன்று பார்த்தால் உள்ளிழு. ஆரஞ்சு ஜாக்கெட்டில் ஆரஞ்சு கிளவுஸ் போட்டால் கட்டைவிரல் காணாமல் போகும். பலகை உருவம் முழுக் கறுப்பு என்பதால் இந்த எச்சரிக்கையே அதில் இல்லை.

சன்போர்டு லேசானது, நாலு மூலையில் ஆணி அடித்தால் காற்றில் கிழியும். மரச் சட்டத்தில் வைத்து, ஆபரேட்டர் ஏறும் பக்கம் நிழலில் மாட்டுங்கள். வெயிலில் சிவப்பு மை சீக்கிரம் வெளுக்கும். எமர்ஜென்சி ஸ்டாப் கட்டமோ சிவப்பு.

மதிப்பெண் 5க்கு 3. பலகையை வாங்கலாம். கூடவே கடைக்காரர் தள்ளிவிடப் பார்க்கும் கேபின் ஸ்டிக்கர் வேண்டாம்: அதே தமிழ், அதுவும் கடுகளவு எழுத்தில்.