காலிக் கட்டமும் பூஜ்ஜியமும்: ஒரு விரிதாளோடு நான்கு ஆண்டுகள்

2021 ஜூனில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 138. நீரிழிவுக்கான எல்லைக்கோடு 126. மறுபடி எடுத்துப் பார்த்தபோதும் அதைத் தாண்டியே நின்றது. அன்று இரவே கூகுள் ஷீட்ஸில் ஒரு விரிதாளைத் திறந்தேன். அதற்கு முன்பு எடையையும் நடையையும் ஒரு கைபேசிச் செயலியில்தான் பதிந்துவந்தேன். திடீரென்று ஒரு நாள், பழைய பதிவுகளைப் பார்க்கவே சந்தா கேட்டது. என் எடையை நான் பார்க்க வாடகையா?

முதல் நாள் 23 நெடுவரிசைகள் போட்டேன். தண்ணீர் எத்தனை டம்ளர், காபி எத்தனை, மனநிலைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண். தொடர்ந்து பதினொரு நாள் மனநிலைக்கு 3 போட்டிருக்கிறேன். அதை மனநிலை என்று சொல்ல முடியாது, கைப்பழக்கம். ஒன்றரை மாதத்தில் எல்லாம் படுத்துவிட்டது. இன்று இருப்பவை எட்டு: தேதி, சர்க்கரை, அளந்த வேளை, ரத்த அழுத்தம் மேல், கீழ், எடை, நடந்த நிமிடம், குறிப்பு.

அழுத்தத்துக்கு இரண்டு கட்டங்கள் ஏன் என்றால், 130/80 என்று ஒரே கட்டத்தில் எழுதினால் விரிதாள் அதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது, சராசரி போடாது. தேதியிலும் இதே வம்பு. அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருந்ததால் 5/6 என்று நான் எழுதிய ஜூன் ஐந்து, மே ஆறாகிவிட்டது. 13/6 மட்டும் தேதியாக மாறாமல் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துத்தான் விழித்துக்கொண்டேன். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வேலையாக நாட்டை இந்தியா என்று மாற்றிவிடுங்கள்.

நான் உண்மையில் ஏமாந்தது சராசரியில். சென்னையில் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை. ஒரு மாதச் சராசரி 41 நிமிடம் என்று வந்தது. வீட்டில் பெருமையாகக் காட்டினேன். நடக்காத நாட்களைக் காலியாக விட்டிருந்தேன். சராசரி காணும் சூத்திரம் காலிக் கட்டங்களைத் தொடுவதே இல்லை. முப்பது நாளில் நான் நடந்தது பதினான்கு நாள்தான். மற்ற நாட்களில் பூஜ்ஜியம் போட்டதும் 41, 19 ஆனது. உடனே புத்தி வந்து எல்லாக் காலிக் கட்டத்திலும் பூஜ்ஜியம் நிரப்பத் தொடங்கினேன். ஊருக்குப் போயிருந்த ஏழு நாளின் எடைக் கட்டத்திலும் அதையே போட, 72 கிலோ ஆசாமி 55 கிலோவாகிவிட்டேன். நடக்கவில்லை என்றால் பூஜ்ஜியம், அளக்கவில்லை என்றால் காலி. இதைக் கற்க ஓராண்டு பிடித்தது.

அளவு கூடினால் சிவப்பு நிறம் காட்டும் வசதியைச் சில மாதங்கள் வைத்திருந்து எடுத்துவிட்டேன். வீட்டுச் சர்க்கரைக் கருவியின் அளவு 100-க்கு மேல் போனால் ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதம் வரை விலக, அந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 15197-ஏ இடம் கொடுக்கிறது. நேற்று 121, இன்று 129 என்பதற்கெல்லாம் முகம் சிவந்தால் எப்படி? வாரச் சராசரி போதும்.

ஈராண்டு கழித்து, வரைபடத்தை அச்செடுத்து மருத்துவரிடம் கொண்டுபோனேன். காலைச் சர்க்கரை அழகாக இறங்கியிருந்தது. சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி சோதனையில் மட்டும் 7.1 சதவீதம், கூடுதல்தான். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால் அந்தச் சோதனை இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும். மருத்துவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ராத்திரி சாப்பிட்ட பிறகு எடுத்தது எங்கே சார்?” என்றார். ஒன்றுகூட இல்லை. எழுநூற்றுச் சொச்சம் வரிசைகள், எல்லாம் விடிகாலை. எனக்குச் சாதகமான வேளையில் மட்டுமே அளந்திருக்கிறேன்! ‘அளந்த வேளை’ என்ற நெடுவரிசை அன்று வந்ததுதான். சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து அளந்தபோது முதல் எண்ணே 214. மூன்று தோசை.

அந்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஐந்து வரிசைகள் காலி. மின்சாரமும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை. அவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். அதற்குக் கீழேயே மார்கழி. குறிப்பில் ‘கேன்டீன்’ என்று தேடி வடிகட்டினால் சபா சாப்பாட்டு நாட்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. 190-க்குக் கீழே ஓர் எண்ணும் இல்லை. கச்சேரிக் குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் ‘கீரை வடை 2’ என்று இருக்கிறது.

கடைசியாக எடுத்த எச்பிஏ1சி 6.6. தோசை இரண்டாகியிருக்கிறது, இரவு உணவு எட்டு மணிக்கு முன்பே முடிகிறது. விரிதாளால்தான் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். மாத்திரையும் சேர்ந்துதான் வேலை செய்கிறது.

இன்று காலை மழை. நடைக் கட்டத்தில் 0 போட்டேன். குறிப்பில் ‘மழை’ என்றும் எழுதினேன். மழை ஆறரைக்கே விட்டிருந்தது. அழித்துவிட்டு ‘சோம்பல்’ என்று மாற்றினேன்.