வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஆதென்டிகேட்டர் ஆப்பா, செக்யூரிட்டி கீயா?

பாதிப் பேர் வீட்டிலிருந்தே லாகின் செய்யும் எங்கள் நிறுவனத்துக்கு, பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது பூட்டாக இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. போனில் அடிக்கடி மாறும் ஆறு இலக்க எண் காட்டும் ஆப், அல்லது யூஎஸ்பியில் செருகித் தொடும் கீ. நாங்கள் கீயை எடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆப் இலவசம், அன்றைக்கே தொடங்கிவிடலாம், எஸ்எம்எஸ் ஓடிபியைவிட நிச்சயம் மேல். ஆனால் ஊழியர் ஒரு போலிப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டிவிட்டால், அது மாறுவதற்குள் திருடன் அசல் தளத்தில் போட்டு நுழைந்துவிடுவான். கீ பதில் தருவது, பதிவு செய்த தள முகவரிக்கு மட்டும்தான். 2022இல் இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்ஃபிளேரின் ஊழியர்கள் சிலர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்தே விட்டார்கள். கீ இருந்ததால் தாக்குதல் அங்கேயே நின்றது.

எங்களை முடிவெடுக்க வைத்தது இதுகூட இல்லை. தொலைந்தால் என்ன செய்வது என்ற கேள்விதான். அலுவலகத்தில் இருப்பவர் நேரில் வந்து நிற்பார். வீட்டில் இருப்பவர் ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போடுவார்: "போன் மாத்திட்டேங்க, ஆப் போயிடுச்சு, ரீசெட் பண்ணிக் குடுங்க." பேசுவது அவர்தானா? ஊழியர் எண், பிறந்த தேதி எல்லாம் வெளியே கசிந்து கிடப்பவை. ஸ்கேட்டர்டு ஸ்பைடர் என்ற ஹேக்கர் கும்பல் இப்படித்தான் ஊழியர்போல் பேசி ஹெல்ப் டெஸ்க்கை ஏமாற்றுகிறது என்று 2025இல் எஃப்பிஐ எச்சரித்தது.

அதனால் ஆளுக்கு இரண்டு கீ. இரண்டையும் முதல் நாளே பதிந்துவிட வேண்டும். ஒன்று சாவிக்கொத்தில், மற்றது வீட்டு அலமாரியில். ஒன்று தொலைந்தால் மற்றதால் உள்ளே வந்து, தொலைந்ததை அவரே நீக்கிவிடுகிறார். போனில் ரீசெட் கேட்கும் வழியையே மூடிவிட்டோம். இரண்டும் போனால் மேலாளர் நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். போன் ரீசெட் வழியைத் திறந்து வைத்துக்கொண்டு கீ வாங்குவது வீண் செலவு.

கீயிலும் குறை உண்டு. யூபிகீ என்ற பிராண்டு கீயின் உள் மென்பொருளைப் புதுப்பிக்க முடியாது. ஓட்டை தெரிந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். லாகின் ஆன பிறகு லேப்டாப்பில் புகுந்த வைரஸ், லாகின் ஆனதை நினைவில் வைக்கும் குக்கீயைத் திருடினால் கீயால் தடுக்க முடியாது.

போனிலேயே இருக்கும் பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனைத் திறப்பதுபோல விரல்ரேகை, முகம் அல்லது பின் கொடுத்து நுழைவது) போலித் தளத்துக்குப் பதில் தராது, தனிச் செலவும் இல்லை. அதை ஒரு சிறு குழுவில் மட்டுமே ஓட்டிப் பார்த்திருக்கிறோம், எனவே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பட்ஜெட் இடித்தால் அட்மின் உரிமை உள்ளவர்களுக்கும் பணப் பரிமாற்றம் பார்ப்பவர்களுக்கும் முதலில் கீ கொடுங்கள்.